கீபோர்டைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

கணினி ஆய்வகங்களின் தூய்மைப் பணி பற்றி இந்தப் பருவத் தொடக்கத்தில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். உங்கள் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகப் பல வருடமாக வேலை பார்க்கிறேன். இதையெல்லாம் முதலில் நேரில் சொன்னேன். பிறகு துறைத் தலைவர் வழியாக எழுதியும் கொடுத்தேன். "முடிவெடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது" என்று பதில் வந்தது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. இதே ஏற்பாடு வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்துகொண்டிருப்பதாக அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படட்டும்.

சுற்றறிக்கையில் இருப்பது இவ்வளவுதான். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் எல்லாக் கீபோர்டுகளையும் கிருமிநாசினி வெட் வைப்ஸால் துடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை டப்பாவில் அடைத்த காற்று ஸ்பிரே அடிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பந்த நிறுவனத்தின் ஹவுஸ்கீப்பிங் ஆட்களே செய்வார்கள். அழுக்கேறிய, வேலை செய்யாத கீபோர்டுகளைக் கழற்றிப் பார்க்காமல் அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதிது போட வேண்டும், பழையவற்றை மொத்தமாக எடைக்குப் போட வேண்டும். கடைசி வரியில், வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வகத்தை மூடி நாங்கள் சுத்தம் செய்வதற்கு ஒதுக்கியிருந்த நேரம் ரத்து.

அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஆள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கான நேரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காசு கொடுத்து வாங்கித் தூக்கிப் போடுகிற பொருளை வைத்திருக்கிறீர்கள். அதனால் கீபோர்டுகளும் கெடுகின்றன, குப்பையும் சேர்கிறது, அதைச் செய்கிற பெண்களின் கையும் வெந்துபோகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நம் ஆய்வகத்தில் இருப்பவை சாதாரண மெம்பரேன் கீபோர்டுகள். பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி கலந்த மையால் மெல்லிய கோடுகள் அச்சடித்திருப்பார்கள். நடுத் தாளில் கீ வரும் இடங்களில் மட்டும் ஓட்டை. நாம் ஒரு கீயை அழுத்தும்போது அதற்கடியில் இருக்கும் ரப்பர் குமிழ் அமுங்கி, மேல் கோடும் கீழ்க் கோடும் அந்த ஓட்டை வழியாகத் தொட்டுக்கொள்கின்றன. கீபோர்டின் வேலையே அவ்வளவுதான். தூசி இந்தத் தாள்களுக்குள் சுலபத்தில் போகாது, மேலே கீகளின் சந்துகளிலேயே தங்கிவிடும். ஈரம் போகும். ஓரங்கள் வழியாக உள்ளே இறங்கி, இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லிய படலமாகப் பரவி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். நாளாக நாளாக வெள்ளிக் கோடு கறுத்து அறுந்துவிடும். ஒரு கோட்டை ஐந்தாறு கீகள் பகிர்ந்துகொள்வதால், ஒரு இடத்தில் அறுந்தாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கீகள் ஒரே நாளில் செத்துப்போகும்.

வெட் வைப்ஸ் வந்த பிறகு நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். முன்பெல்லாம் ஒரு கீபோர்டு பழுதானால் பெரும்பாலும் யாராவது டீயைக் கொட்டியிருப்பார்கள், அல்லது யூஎஸ்பி வயர் அறுந்திருக்கும். இப்போது ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கீபோர்டுகளில் ஒரே மாதிரி கீகள் வேலை செய்வதில்லை. சுற்றறிக்கை கழற்றக் கூடாது என்று சொன்னாலும், ஒதுக்கி வைத்தவற்றில் சிலவற்றைக் கழற்றிப் பார்த்தேன். தாள்களின் ஓரத்தில், குறிப்பாக ஸ்பேஸ் பாருக்குக் கீழே, கோடுகள் கறுத்திருந்தன. ஏன் அங்கே என்றால், துடைக்கிறவர்கள் முன்பக்கத்திலிருந்து அழுத்தி இழுக்கும்போது வைப்ஸில் இருக்கும் நீர் பிழிந்து முதலில் இறங்குவது அந்தப் பெரிய இடைவெளியில்தான். அடுத்த பேட்ச் மாணவர்கள் பத்து நிமிடத்தில் உள்ளே வர வேண்டும் என்பதால் யாரும் காயும்வரை காத்திருப்பதும் இல்லை. கடந்த செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி அடைப்புக்குறி போட முடியாமல், வேறொரு கோப்பிலிருந்து அதைக் காப்பி எடுத்து எடுத்து ஒட்டிப் புரோகிராம் எழுதினாள். கண்காணிப்பாளர் கவனித்து என்னைக் கூப்பிட்டதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அந்த அரை மணி நேரத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழ்க் கணினி வகுப்பில் தமிழ்99 முறையில் தட்டச்சு பழகுகிறார்கள். 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அந்த விசைப்பலகை முறை நம்மிடம் இருக்கும் கீபோர்டுகளில் அச்சாகி வருவதில்லை. அதனால் ஒரு வரிசைக்கு மட்டும் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி, ஒவ்வொரு கீயாக ஒட்டினோம். கிருமிநாசினி பட்டுப் பட்டு அந்த ஸ்டிக்கர்களின் பசை இளகியது. மை மங்கியது. 'ண'வும் 'ன'வும் இருந்த இடத்தில் இப்போது வெறும் அழுக்குப் பிசின்தான் இருக்கிறது. அந்தப் பிசினில் இன்னும் வேகமாகத் தூசி ஒட்டுகிறது, அதைப் பார்த்து இன்னும் அழுத்தித் துடைக்கிறார்கள்.

கிருமிக்காகத்தானே துடைக்கச் சொன்னோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோவிட் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது, அப்போது எல்லோரும் பயந்திருந்தோம். ஆனால் நாம் வாங்கும் வைப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிருமி சாக வேண்டுமென்றால் துடைத்த இடம் சில நிமிடங்கள் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. முதலில் அழுக்கை எடுத்துவிட்டுத் துடைக்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. நாம் செய்வது ஒரே இழுப்பு. அதில் கிருமி சாகப் போவதில்லை. அறிவுறுத்தியபடி சில நிமிடம் நனைத்து வைத்தால் கீபோர்டு செத்துவிடும். மேலும், சாதாரண இடங்களில் பொருட்களைத் தொட்டு கோவிட் தொற்றுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. ஒருமுறை தொடுவதில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அவர்கள் கணக்கு. அன்றாடச் சுத்தத்துக்குச் சோப்பு போதும் என்பதுதான் அப்போது அவர்கள் சொன்ன வழி. பொதுக் கீபோர்டில் கிருமி பரவாமல் இருக்கச் சிறந்த வழி கையைக் கழுவிவிட்டு உட்காருவது. நம் ஆய்வக வாசலில் ஒரு வாஷ் பேசின் இருக்கிறது. அதில் சோப்பு இல்லை. பல மாதமாக இல்லை. வைப்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது, ஒரு சோப்புக் கட்டிக்கு மட்டும் இண்டென்ட் (வாங்கக் கோரும் படிவம்) கையெழுத்தாகவில்லை.

அந்த வைப்ஸ் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். பார்ப்பதற்குத் துணி மாதிரி, காகிதம் மாதிரி இருக்கும். இந்த வகை வைப்ஸில் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் இழைதான், அதாவது பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மக்காது, கழிப்பறையில் போட்டால் குழாயை அடைக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வைப்ஸ் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மஞ்சப்பை இயக்கத்தில் சேர்ந்து முதலாமாண்டு மாணவர்கள் அனைவருக்கும் துணிப்பை கொடுத்த கல்லூரி நாம். கையில் துணிப்பை கொடுத்துவிட்டு, அதே மாணவர் எழுந்து போனதும் அவர் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தேய்த்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். ஒவ்வொரு மேசையிலும், ஒவ்வொரு வகுப்புக்கும் இது நடக்கிறது.

அடுத்து அந்தக் காற்று ஸ்பிரே. டப்பாவில் இருப்பது காற்று இல்லை. அழுத்தத்தில் திரவமாக்கி அடைத்த குளிர்பதன வாயு அது. முதல் தடவை வந்த டப்பாவில் இருந்தது டைஃபுளோரோஈத்தேன், சுருக்கமாக 152ஏ என்பார்கள். எரியும் தன்மை உள்ள வாயு. ஜன்னல்களை மூடி ஏசி போட்ட அறையில், கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அடித்தார்கள். நான் எதிர்ப்புச் சொன்னதும், ஒப்பந்ததாரர் தீப்பிடிக்காத வகை என்று சொல்லி வேறு டப்பா கொண்டுவந்தார். அதன் லேபிளில் 134ஏ என்று இருக்கிறது. கார் ஏசியிலும் பழைய ஃபிரிட்ஜிலும் இருக்கும் அதே வாயு. தீப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் புவி சூடாவதில் அதன் பங்கு என்ன தெரியுமா? ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட திருத்தத்தில் இருக்கும் கணக்குப்படி, நூறு வருடக் கால அளவில், ஒரு கிலோ 134ஏ வாயு 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். முதலில் வந்த 152ஏ 124 கிலோவுக்குச் சமம். தீ அபாயத்தை நீக்கப்போய்ப் பத்து மடங்குக்கு மேல் மோசமான ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஒரு டப்பாவில் 250 கிராம் இருந்தால்கூட அதை அடித்துத் தீர்ப்பது சுமார் 357 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விடுவதற்குச் சமம். எதற்காக? கீபோர்டில் இருக்கும் முறுக்குத் தூளை ஊதித் தள்ள. இந்தியா அந்தத் திருத்தத்தை 2021இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2028 முதல் இவ்வகை வாயுக்களின் பயன்பாடு ஒரு உச்சவரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது நம் நாட்டுக்கான கெடு. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும்கூட மாற்றுத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தூசி ஊத அதைச் செலவழிப்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

சரி, அதனால் தூசியாவது போகிறதா என்றால் அதுவும் இல்லை. மூடிய அறையில் ஊதினால் தூசி எங்கே போகும்? பக்கத்துக் கீபோர்டில் உட்காரும். சிபியூ விசிறி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்சம் ஏசி ஃபில்டரில் படியும். டப்பாவைக் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்துப் பிடித்துவிட்டால் வாயு திரவமாகவே பீய்ச்சி, கீகளின்மேல் வெள்ளையாகப் பனி படிகிறது. அது விரலில் பட்டால் தோல் எரிகிறது. ஒரு ஹவுஸ்கீப்பிங் அக்காவின் ஆள்காட்டி விரலில் அப்படிப் பட்டுக் கொப்புளமே வந்தது. அவருக்குக் கையுறை கொடுக்கவில்லை. வைப்ஸுக்கும் கையுறை கிடையாது. நாள் முழுக்க வெறுங்கையால் அந்தக் கிருமிநாசினியைப் பிடித்துப் பிடித்து, இரண்டு பேருக்கு விரல் நுனிகள் உரிந்து வெடித்திருக்கின்றன. சாப்பாட்டில் புளியும் மிளகாயும் பட்டால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிடுகிறார்கள். "சார்கிட்ட சொல்லாதீங்க, வேலை போயிடும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் அனுமதி வாங்கிய பிறகுதான், யார் என்று தெரியாதபடி இதை எழுதுகிறேன். அவர்களில் ஒருவருடைய வேலைக்கும் இதனால் பாதிப்பு வரக் கூடாது.

இதற்கு மாற்று ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. நீங்கள் ரத்து செய்த அந்த வெள்ளிக்கிழமை மதியங்களில் நாங்கள் செய்துகொண்டிருந்ததுதான். சுற்றறிக்கை தயாரித்தவர்கள் யாரும் அதை வந்து பார்த்ததில்லை என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கீபோர்டுகளைக் கழற்றி வராந்தாவுக்கு எடுத்துப் போவோம். தூசி அறைக்கு வெளியே போக வேண்டும், இதில் பாதிப் பலன் அந்த ஒரு காரியத்திலேயே வந்துவிடும். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, கீபோர்டைக் கவிழ்த்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டுவோம். என்னென்ன விழும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தலைமுடி, ரப்பர் தூள், ஸ்டேப்ளர் பின், பிஸ்கட், முறுக்குத் தூள், காய்ந்த மல்லிகை இதழ், ஸ்டிக்கர் பொட்டு. பிறகு பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பிரஷ், உலர்ந்தது, அதைக் கீகளின் சந்துகளில் ஒரே திசையில் ஓட்டுவோம். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி உள்ளே போகும். ஒரே திசையில் கீபோர்டைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் வெளியே கொட்டும். பிரஷுக்கு அடங்காததற்குக் கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பல்ப் ஒன்று வைத்திருந்தோம். கையால் அமுக்கினால் காற்று வரும். கரண்டு வேண்டாம், வாயு வேண்டாம், வருடக்கணக்கில் உழைக்கும். நிறைய கீபோர்டுகள் இருக்கும் நாளில், சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார ப்ளோயரை வெளியே வைத்துத் தூரத்திலிருந்து ஊதுவோம்.

அடுத்தது துணி. தையல் பிரித்த பழைய வேட்டி, பருத்தி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது. மைக்ரோஃபைபர் துணி நல்லதுதான், ஆனால் அதுவும் பிளாஸ்டிக் இழை, துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை உதிர்ந்து தண்ணீரில் போகும். வேட்டித் துணியில் அந்தக் கவலை இல்லை. ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு இரண்டு சொட்டு, அல்லது பூந்திக்கொட்டைத் தண்ணீர். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் போடுகிற அதே பூந்திக்கொட்டைதான். விதை நீக்கிய நாலைந்து பூந்திக்கொட்டைத் தோல்களை இரவே ஊறப்போட்டு, காலையில் கசக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டினால் நுரைக்கிற தண்ணீர் கிடைக்கும். கீகளின்மேல் விரல் எண்ணெயால் ஏறுகிற பிசுக்கு அதில் நன்றாக விட்டுப்போகும். முக்கியமானது துணியின் ஈரம். தண்ணீரில் முக்கி, ஒரு சொட்டுகூட வராத அளவுக்கு முறுக்கிப் பிழிய வேண்டும். கையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கை நனையக் கூடாது. அதைக் கீகளின் தலையில் மட்டும் ஓட்டி, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. கீபோர்டின்மேல் எதையும் நேராகத் தெளிக்கவோ ஊற்றவோ கூடாது. விட்டுப்போகாத பேனா மைக்கும் சூயிங்கத்துக்கும் மட்டும், அந்த ஒரு கீயின்மேல், துணி முனையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு. அது ஆவியாகிவிடும். ஒரு சின்னக் குப்பி ஒரு பருவம் முழுக்க வரும். கை சானிடைசரை எடுத்துத் துடைக்கக் கூடாது, அதில் கையின் வறட்சிக்காகச் சேர்க்கிற கிளிசரின் கீயிலேயே தங்கிப் பிசுபிசுக்கும்.

வருடத்தில் ஒருமுறை, கோடை விடுமுறையில், முழுச் சுத்தம். எந்தக் கீ எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கீ மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்போம். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீளக் கீகளுக்கு அடியில் கம்பி கோத்திருக்கும், தேவையில்லாமல் அவற்றைத் தொடுவதில்லை. கழற்றிய மூடிகளை ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்போம். கடைசி அலசலுக்கு நம் போர் தண்ணீர் ஆகாது. அது உப்புத் தண்ணீர், காய்ந்ததும் ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைத் திட்டு நிற்கும். அதற்கு ஏசியிலிருந்து குழாய் வழியாகச் சொட்டும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்வோம். காற்றிலிருந்து குளிர்ந்து வடிகிற நீர் என்பதால் அதில் உப்பு இருக்காது, குடிக்க மட்டும் ஆகாது. வீணாகச் செடியோரம் ஓடுகிற தண்ணீர், கறையில்லாமல் அலசிக் கொடுக்கும். பிறகு நிழலில், மின்விசிறிக்கு அடியில் ஒரு முழு நாள். வெயிலில் வைத்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும், வளையவும் செய்யும். மெம்பரேன் தாள்களுக்குத் தண்ணீரே காட்டுவதில்லை.

இயற்கை முறை என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் நான் ஆதரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுக் கூட்டத்தில் ஒருவர் அப்படி நினைத்துப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். எலுமிச்சைச் சாறு அமிலம், உள்ளே இறங்கினால் உலோகத்தை அரிக்கும், எறும்பையும் கூப்பிடும். வினிகரும் அமிலம்தான். சமையல் சோடாவின் தூள் எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடும். சீயக்காய்த் தூள் சந்துகளில் சேறாகப் படியும். நெயில் பாலிஷ் நீக்கியில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். சமையலறையில் இருக்கிறது என்பதற்காக எதையும் கீபோர்டில் போட முடியாது. பொருளுக்கும் கெடுதல் இல்லாமல், கைக்கும் கெடுதல் இல்லாமல், மண்ணுக்கும் காற்றுக்கும் கெடுதல் இல்லாமல் இருந்தால்தான் அது சுற்றுச்சூழலுக்கு உகந்த முறை. கெட்டுப்போகிற ஒவ்வொரு கீபோர்டும் ஒரு சூழல் கேடுதான்.

அதனால்தான் எடைக்குப் போடுவதைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கணினியோடு அதன் உள்ளீட்டுச் சாதனங்களும் அந்த விதிகளின் அட்டவணையில் வருகின்றன, கீபோர்டு அதில் அடக்கம். அட்டவணையில் உள்ள சாதனங்கள் ஆயிரமோ அதற்கு மேலோ பயன்படுத்தும் எந்த நிறுவனமும் மொத்தப் பயன்பாட்டாளர். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஏசி, ட்யூப் லைட் என்று நம் வளாகத்தில் எண்ணினால் அந்த அளவைத் தாண்டுவோம் என்றே நினைக்கிறேன். மொத்தப் பயன்பாட்டாளர் தன் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். காயலான் கடைக்கு எடைபோட்டுக் கொடுப்பது அந்த விதிக்கு நேர்மாறானது.

விதியை விடுங்கள், அந்தக் கடைக்குப் போனதும் என்ன நடக்கிறது? வயரைச் செம்புக்காக எரிக்கிறார்கள். மிச்ச பிளாஸ்டிக்கை விலை போகாது என்று குப்பை மேட்டில் கொளுத்துகிறார்கள். மின்னணுப் பொருட்களின் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் கலவைகள் இருக்கலாம், அதைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வரும். அந்தப் புகை நம் விடுதிக்கும் வரும், பின்பக்கம் இருக்கும் குடியிருப்புக்கும் போகும். 2022இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது என்று ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாம் எடைக்குப் போட்ட கீபோர்டுகள் கணக்கில் வராத பெரும்பகுதியில்தான் சேர்ந்திருக்கும். கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் நாக் (NAAC) குழு வரும்போது மின்னணுக் கழிவை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்போது நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதை இப்போதே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒதுக்கி வைத்தவற்றில் பாதியாவது இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஸ்டோர் ரூமில் அடுக்கியிருப்பதைப் போய்ப் பார்த்தேன். பலவற்றில் அழுக்கைத் தவிர வேறு குறை இல்லை. சிலவற்றில் மெம்பரேன் போயிருக்கிறது, ஆனால் கீ மூடிகளும் ரப்பர் குமிழ்களும் நன்றாக இருக்கின்றன. ஒரே மாடல் என்பதால் இரண்டைக் கழற்றி ஒன்றாகச் சேர்க்கலாம். இதை நாங்கள் எப்போதும் செய்துவந்தோம். விலை ஐந்நூறு ரூபாய்தானே என்று அக்கவுண்ட்ஸில் சொல்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் என்பதால் அதைச் செய்ய எடுத்த பெட்ரோலியமும் செம்பும் வெள்ளியும் குறைந்துவிடாது.

ஆகவே நான் கேட்பது இவை.

காற்று ஸ்பிரே டப்பாக்கள் வாங்குவதை இந்த வாரமே நிறுத்துங்கள். இதற்குக் குழுக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம், இண்டென்டில் ஒரு கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். மிச்சம் இருக்கும் டப்பாக்களை ஒப்பந்ததாரரிடம் திருப்பிக் கொடுங்கள், தீர்ப்பதற்காக அடிக்கச் சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மதிய நேரத்தைத் திருப்பித் தாருங்கள். மற்ற கோரிக்கைகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களில் இருவரையும் எங்களோடு சேர்த்துவிடுங்கள், வேலையை நான் கற்றுக்கொடுக்கிறேன். அவர்களுக்கு அது கூடுதல் வேலையாக இல்லாமல், இப்போது வைப்ஸ் துடைக்கும் நேரத்துக்குப் பதிலாக இருக்க வேண்டும், கூலியில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. அவர்கள் கைகளை நம் கல்லூரி மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள், செலவு கல்லூரியுடையதாக இருக்கட்டும். கழிப்பறை, தரை வேலைகளுக்கும் சேர்த்துக் கையுறை கொடுங்கள்.

வகுப்புக்கு வகுப்பு வைப்ஸ் துடைப்பதை நிறுத்திவிட்டு, வாசல் வாஷ் பேசினில் சோப்பும், துவைத்துப் பயன்படுத்தும் துண்டும் வையுங்கள். கை கழுவிவிட்டு உள்ளே வரும்படி மாணவர்களிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். யாருக்காவது காய்ச்சல் வந்து, அந்தக் கீபோர்டைக் கிருமி நீக்க வேண்டியிருந்தால் துணியில் ஆல்கஹால் போட்டு அந்த ஒன்றை மட்டும் துடைத்துக் காயவைத்துத் தருகிறோம்.

ஸ்டோர் ரூமில் இருக்கும் கீபோர்டுகளை எடைக்குப் போட இம்மாத இறுதியில் வண்டி வருவதாகச் சொல்கிறார்கள். அந்த வண்டியை நிறுத்துங்கள். எங்களுக்கு ஒரு விடுமுறை வாரமும், பிரஷ், துணி, பூந்திக்கொட்டை, ஒரு குப்பி ஆல்கஹால் வாங்கச் சில்லறைச் செலவுத் தொகையும் கொடுங்கள். பிழைக்கக் கூடியவற்றைப் பிழைக்க வைக்கிறோம். உண்மையிலேயே செத்தவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், அந்த ரசீதைக் கல்லூரி இணையதளத்தில் போடுங்கள். நம் வளாகம் மொத்தப் பயன்பாட்டாளர் வரம்புக்குள் வருகிறதா என்று முறையாக எண்ணிப் பார்த்து, பதிலை எழுத்தில் தெரிவியுங்கள்.

புதிய கீபோர்டு வாங்கும் நாளில் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பின்பக்கம் திருகு போட்டது, கழற்ற முடிவது, எழுத்து தேயாமல் பதித்தது, கொட்டிய தண்ணீர் வடிய ஓட்டை உள்ளது என்று பார்த்து வாங்கலாம். தமிழ்த்துறை வரிசைக்குத் தமிழ்99 எழுத்து ஸ்டிக்கர்களும் புதிதாக வேண்டும். அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன்பே வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கணினி ஆய்வகத்தின் லேப் டெக்னீஷியன்